உஷார்! உங்கள் கடைப் பெயர் தினமும் ஏலம் போகிறது

கடை, கிளினிக், டியூஷன் சென்டர், கேட்டரிங் என்று எதை நடத்தினாலும் சரி, இதைப் படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் வேறு யாருடைய போனையாவது வாங்கி, கூகுளில் உங்கள் கடைப் பெயரோடு பேட்டைப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, எதுவோ அது. முதலில் வருவது உங்கள் கடைதானா? இல்லை, பொடி எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று போட்டு, அதற்குக் கீழே எதிர்ச்சாரிக் கடை பல்லிளிக்கிறதா? அதை அடுத்து இன்னொரு ஸ்பான்சர்டு இருக்கலாம்: வாடிக்கையாளரின் நம்பரை வாங்கி, உங்களுக்கும் உங்கள் போட்டியாளர்களுக்கும் சேர்த்து விற்கிற ஏதோ ஒரு பட்டியல் தளம். உங்கள் கடை அதற்குப் பிறகு, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால்தான் கண்ணில் படும். ஒருவேளை உங்கள் விளம்பரமே முதலில் வந்துவிட்டால், சந்தோஷத்தில் அதைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் பில் உங்களுக்குத்தான்.

நடப்பது இதுதான். உங்கள் கடைப் பெயரை யார் வேண்டுமானாலும் கீவேர்டாக எடுத்துக்கொள்ளலாம். மாட வீதியில் அப்பா காலத்திலிருந்து கட்டிக் காத்த பெயராக இருந்தாலும் அப்படித்தான். ஒருவர் அந்தப் பெயரைத் தட்டியதும், பக்கம் திறப்பதற்குள் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. யார் எவ்வளவு கேட்டார்கள், யாருடைய விளம்பரம் எவ்வளவு பொருத்தம் என்று கூகுளே மார்க் போட்டு வரிசைப்படுத்துகிறது. போட்டிக் கடைக்காரர் உங்கள் பெயரை விளம்பர வாசகத்தில் எழுதினால், டிரேட்மார்க் வைத்திருப்பவர் புகார் கொடுத்து எடுக்க வைக்கலாம். ஆனால் வாசகத்தில் எழுதாமல், பின்னணியில் கீவேர்டாக மட்டும் வைத்திருந்தால் கூகுள் தலையிடாது. ஆக, உங்களையே தேடி வருகிறவர் கைநழுவாமல் இருக்க, சொந்தப் பெயருக்கு நீங்களே காசு கட்ட வேண்டும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் கேட்பவர்கள் கூடுவார்கள், விலையும் ஏறும்.

"இதெல்லாம் கேட்க ஆள் இல்லையா?" என்று கேட்பீர்கள். கேட்டார்கள். கேட்டதும் நம்ம ஊர்க்காரர்தான்.

மயிலாப்பூர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை 'தி இந்து'வின் வரன் விளம்பரங்களைப் பேனாவும் கையுமாகப் படித்த காலம் ஒன்று உண்டு. அந்த வேலையை இணையத்துக்குக் கொண்டு போனவர்களில் முக்கியமானவர், ராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன். 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் வேலை பார்த்தபடி தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் வரன் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. இன்று மேட்ரிமோனி டாட் காம் என்ற பெயரில் பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனம். அலுவலகம் எம்.ஆர்.சி. நகரில், அதாவது மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவில்.

இந்த நிறுவனம், கன்சிம் இன்ஃபோ என்ற பழைய பெயரில், 2009-லேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிரதிவாதிகள் கூகுளும் ஷாதி, ஜீவன்சாத்தி போன்ற போட்டித் தளங்களை நடத்துகிறவர்களும். வாதம் எளிமையானது: எங்கள் பெயரைத் தேடினால் அவர்கள் விளம்பரம் வருகிறது, நிறுத்துங்கள். 2010 செப்டம்பரில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் விரிவான தீர்ப்பு எழுதினார். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 'தமிழ்' என்பதும் 'மேட்ரிமோனி' என்பதும் எல்லோருக்கும் பொதுவான சொற்கள். அந்தத் தொழிலைச் செய்கிற எவரும் அவற்றைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும். இரண்டு பொதுச் சொற்களை ஒட்டிவைத்து எனக்கு மட்டும் சொந்தம் என்று பூட்டுப் போட முடியாது. சட்டப்படி பார்த்தால் மறுக்க முடியாத தர்க்கம். ஆனால் நம் கடை போர்டுகளைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். 'மயிலை காபி', 'அடையாறு டென்டல்', 'தி.நகர் சில்க்ஸ்' என்ற பாணியில் எத்தனை! இப்படி ஊரையும் தொழிலையும் ஒட்டிப் பெயர் வைத்தவர்கள் எல்லோரும் 2010 தீர்ப்பின் நிழலில்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

டிரேட்மார்க் வழி சரிவரவில்லை என்றதும் அடுத்த கதவைத் தட்டினார்கள். 2012-ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார். ஜெய்ப்பூரைச் சேர்ந்த நுகர்வோர் அமைப்பான கட்ஸும் தனியாகப் புகார் கொடுத்தது. அந்த ஆணையத்துக்கான சட்டத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்ளாமல் பலர் ஏமாந்து போகிறார்கள். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி பெரிய ஆளாக இருப்பது குற்றமே இல்லை. நாலாவது பிரிவு தடுப்பது, பெரிய ஆள் தன் இடத்தை வைத்துக்கொண்டு செய்கிற அடாவடியை மட்டும்தான். அந்த அடாவடியை நிரூபிக்க வேண்டும். விசாரணை இழுத்தது. நடுவில் 2014-ல், கேட்ட தகவலைத் தரவில்லை என்று கூகுளுக்கு ஒரு கோடி ரூபாய் தனி அபராதமும் விழுந்தது.

2018 பிப்ரவரி 8 அன்று உத்தரவு வந்தது. 135.86 கோடி ரூபாய் அபராதம். 'சென்னை கம்பெனி கூகுளை ஜெயித்தது' என்று ஊரே பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அந்த அபராதம் எதற்கு என்று பலர் கவனிக்கவே இல்லை. விமான டிக்கெட் தேடினால் கூகுள் தன் சொந்த விமானப் பகுதியை முன்னால் தள்ளியது, தேடல் முடிவுகளில் சிலவற்றை முன்பு நிலையான இடத்தில் வைத்தது, தன் தேடலைப் பயன்படுத்தும் தளங்கள் போட்டியாளரிடம் போக முடியாதபடி ஒப்பந்தத்தில் முடிச்சுப் போட்டது. இவற்றுக்குத்தான். கீவேர்டு ஏலம், அதாவது நம் கடைக்காரருக்கு வலிக்கிற அந்த இடத்தில், ஆணையம் மீறல் எதையும் காணவில்லை. நாலு உறுப்பினர்கள் ஒரு பக்கம், மறுப்பு எழுதிய இருவர் மறுபக்கம். கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது.

என் பார்வையில் இந்த வழக்கின் உண்மையான பாடம் அபராதத் தொகையில் இல்லை. மூத்த வக்கீல்களை நிறுத்த வசதியுள்ள ஒரு கம்பெனி, உயர் நீதிமன்றமும் ஆணையமும் ஏறி இறங்கி, ஒன்பது வருஷம் கழித்து வேறு ஏதோ விஷயத்தில் ஜெயித்தது. தன் பெயர் விஷயத்தில் ஜெயிக்கவில்லை. பாண்டி பஜாரில் பத்துக்குப் பத்து இடத்தில் கவரிங் நகை விற்கிறவர் என்ன செய்வார்?

அதே கம்பெனிக்கு 2024 மார்ச் 1 அன்று இன்னொரு அடி விழுந்தது. செயலிக்குள் கட்டப்படும் பணத்தில் 11 முதல் 26 சதவீதம் வரை கமிஷன் கேட்ட விவகாரத்தில், பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்தியச் செயலிகளை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டது. அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் பிறகு டிவிஷன் பெஞ்சும், இதைப் போட்டி ஆணையத்தில் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டிருந்தன. உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தரவில்லை. மத்திய அமைச்சர் கூப்பிட்டுப் பேசிய பிறகு சில நாளில் செயலிகள் திரும்பி வந்தன. உங்கள் கடை இன்ஸ்டாகிராம் பக்கமோ மேப் பட்டியலோ ஒரு நாள் காலையில் காணாமல் போனால், உங்களுக்காக எந்த அமைச்சரும் கூட்டம் போடப் போவதில்லை.

பெயர் விஷயத்தில் ஒரே ஓர் ஆறுதல் டெல்லியிலிருந்து வந்தது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வழக்கில் 2023 ஆகஸ்ட் 10 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், டிரேட்மார்க்கைக் கீவேர்டாக விற்பதும் அதைப் 'பயன்படுத்துவது'தான், கூகுள் இதில் சும்மா கை கட்டி நிற்கிற இடைத்தரகர் அல்ல என்று சொன்னது. ஆனால் அதோடு நிற்கவில்லை. வாடிக்கையாளர் குழம்பிப் போகும்படி இருந்தால்தான் மீறல், வெறுமனே கீவேர்டாக வைத்தாலே மீறல் ஆகிவிடாது என்றும் சொன்னது. ஆகவே பதிவு செய்த டிரேட்மார்க் இல்லாதவருக்கு இந்த ஆறுதலிலும் பெரிதாகப் பங்கு இல்லை. பதிவு அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில்தான் இருக்கிறது. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். ஒரு வார கிளிக் செலவுகூட ஆகாது பல பேருக்கு. இன்னும் செய்யாமல் இருப்பது சோம்பேறித்தனம், வேறு ஒன்றுமில்லை.

விலை விஷயத்துக்கு வருவோம். ஏலம் என்றால் விலையை நாம்தான் தீர்மானிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2023 செப்டம்பரில் வாஷிங்டனில் கூகுள் மீது நடந்த ஏகபோக வழக்கில், அதன் விளம்பரப் பிரிவின் உயர் அதிகாரி ஜெர்ரி டிஷ்லர் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டது வேறு. ஏல முறையை முறுக்கி விலையை 5 சதவீதம் வரை ஏற்றியது உண்டு, சில தேடல்களில் 10 சதவீதம்கூட இருக்கலாம், இதை விளம்பரதாரர்களிடம் பொதுவாகச் சொல்வதில்லை. அந்த வழக்கில் 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா கூகுளைச் சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் பரிகாரம் சொன்னபோது, ஏலத்தில் செய்கிற முக்கிய மாற்றங்களைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்றார். ஆனால் 'நான் கேட்ட சொல்லுக்கு மட்டும் காட்டு' என்கிற துல்லியமான கீவேர்டு வசதியைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிடவில்லை. அங்கேயே நிலைமை இது.

இதுவரை சொன்னது தேடல் விளம்பரம். செய்தித் தளங்களிலும் வலைப்பக்கங்களிலும் ஓரத்தில் மின்னுகிற டிஸ்பிளே விளம்பரத்தின் கதை இன்னும் மோசம். கோயம்பேட்டில் ஒரே ஆள் விவசாயிக்கும் தரகர், கடைக்காரருக்கும் தரகர், மண்டியும் அவருடையதே, தராசும் அவர் கையில்தான் என்றால் தக்காளி விலை எப்படி இருக்கும்? விளம்பர இடம் விற்கும் பத்திரிகை பயன்படுத்துகிற மென்பொருள் கூகுளுடையது. இடம் வாங்கும் கடைக்காரரின் கருவியும் கூகுளுடையது. இரண்டுக்கும் நடுவில் ஏலம் நடத்துகிற சந்தையும் கூகுளுடையது. அந்தச் சந்தையில் மட்டும் சுமார் 20 சதவீதம் கழிவு போகிறது. 2025 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கெமா, பத்திரிகைகளுக்கான மென்பொருளிலும் ஏலச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செய்கிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் 295 கோடி யூரோ அபராதம் போட்டது.

நம் நாட்டில்? 2022 ஜனவரியில், டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர் சங்கத்தின் புகாரின் பேரில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. விளம்பரதாரர் என்ன கட்டுகிறார், பத்திரிகைக்கு என்ன வந்து சேர்கிறது என்ற கணக்கே இருட்டில் இருக்கிறது என்பது அவர்கள் குமுறல். 2025 ஆகஸ்டில், ஸ்டார்ட்அப்களின் கூட்டமைப்பான அலையன்ஸ் ஆஃப் டிஜிட்டல் இந்தியா ஃபவுண்டேஷன் கொடுத்த புகாரில் டிஸ்பிளே பகுதியை ஆணையம் இந்த விசாரணையோடு சேர்த்து விசாரிக்கச் சொன்னது. தேடல் விளம்பரப் பகுதியை மட்டும், ஏற்கெனவே முந்தைய வழக்குகளில் தீர்த்தாகிவிட்டது என்று ஒதுக்கிவிட்டது. அந்த முந்தைய வழக்குகளில் ஒன்று நம் எம்.ஆர்.சி. நகர் வழக்கேதான். அதாவது, அன்று நம் ஊர்க்காரர் தட்டியும் திறக்காத கதவில் இப்போது பூட்டும் தொங்குகிறது.

மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் மாதிரியான பேட்டை இதழ்கள் முழுக்க முழுக்கப் பக்கத்துத் தெரு விளம்பரத்தை நம்பிப் பிறந்தவை. வீடு வாடகைக்கு, பாட்டு வகுப்பு, சமையலுக்கு ஆள் தேவை. அந்த வரி விளம்பரக் காசு இதழுக்கு நேராகப் போனது, நடுவில் கை நீட்ட யாருமில்லை. அதே பாட்டு டீச்சர் இன்று இணையத்தில் 100 ரூபாய் போட்டால் எத்தனை ரூபாய் எந்தத் தமிழ்ப் பத்திரிகைக்குப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, பத்திரிகைக்கும் தெரியாது.

'நான் கூகுள் பக்கமே போவதில்லை, எல்லாம் வாட்ஸ்அப், இன்ஸ்டாதான்' என்பவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம். இரண்டும் மெட்டாவுடையவை. 2021-ல் வாட்ஸ்அப் திணித்த தனியுரிமை நிபந்தனைக்காக 2024 நவம்பரில் போட்டி ஆணையம் 213.14 கோடி அபராதம் போட்டு, வாட்ஸ்அப் தகவலை விளம்பரத்துக்காக மற்ற மெட்டா நிறுவனங்களுக்கு ஐந்து வருஷம் தரக்கூடாது என்றது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தி, அந்த ஐந்து வருஷத் தடையை மட்டும் எடுத்துவிட்டது. விளம்பரத்துக்கு எது முக்கியமோ அதுதான் போனது.

சரி, சட்டம் வந்து காப்பாற்றும்வரை காசு ஒழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டாமா? வழக்கமாக இப்படி ஒரு போன் வரும்: "சார், உங்க அக்கவுன்ட்ல ஆப்டிமைசேஷன் ஸ்கோர் ரொம்ப கம்மியா இருக்கு சார். ஒரே ஒரு ஓகே குடுங்க, நாங்களே சரி பண்ணிடறோம்." அந்த ஸ்கோர் உங்கள் கல்லாவின் ஸ்கோர் அல்ல. பரிந்துரைகளை நீங்கள் ஏற்க ஏற்க ஏறுகிற எண் அது. பரிந்துரைகளில் பல, பட்ஜெட்டைக் கூட்டு, கீவேர்டை அகலப்படுத்து என்ற ரகம். 'ஆட்டோ அப்ளை' என்ற இடம் திறந்திருந்தால் உங்களைக் கேட்காமலே மாறிக்கொண்டிருக்கும். முதலில் அதை மூடுங்கள்.

அடுத்து இடம். விளம்பரம் அடையாறுக்கு மட்டும் என்று குறித்திருப்பீர்கள். ஆனால் தானாகவே தேர்வாகி நிற்கிற அமைப்பில், அடையாறில் இருப்பவர்களோடு 'அடையாறில் ஆர்வம் காட்டியவர்களும்' சேர்த்தி. எல்.பி. ரோடு பல் டாக்டரின் விளம்பரத்தை டொரன்டோவில் உட்கார்ந்திருப்பவர் தொட்டாலும் டாக்டருக்குத்தான் செலவு. அவர் பல் பிடுங்க விமானம் ஏறி வரப் போகிறாரா என்ன! அந்த அமைப்பைத் தேடிப் பிடித்து, 'இங்கே இருப்பவர்கள்' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீவேர்டும் அப்படித்தான். அடையாளக் குறி எதுவும் போடாமல் எழுதினால் அது அகலப் பொருத்தம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். பட்டுப் புடவை விற்கிறவர் டிரை கிளீனிங் தேடுகிறவருக்கும் காசு கட்டிக்கொண்டிருப்பார். வேண்டாத சொற்களை 'நெகட்டிவ்' பட்டியலில் வாரம் ஒரு முறை சேர்க்க வேண்டும். நாள் பட்ஜெட் 1,000 ரூபாய் என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். ஒரே நாளில் 2,000 வரை போக அனுமதி உண்டு, மாதக் கணக்கில்தான் சரிக்கட்டுவார்கள். பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கணக்கில் கொடுக்காவிட்டால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாமல் அதுவும் கையை விட்டுப் போகும்.

இதையெல்லாம்விட அவசரமான கேள்வி: கணக்கு யார் பெயரில் இருக்கிறது? விளம்பரக் கணக்கையும் மேப்பில் தெரிகிற கடைப் பட்டியலையும் ஏஜென்சிப் பையன் தன் ஈமெயிலில் தொடங்கியிருந்தால், அவன் வேலையை விட்டுப் போகும் நாளில் உங்கள் கடையின் மதிப்புரைகளும் போன் நம்பரும் அவனோடு போகும். இன்றைக்கே உரிமையாளர் அனுமதியை உங்கள் ஈமெயிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில். கூடவே, கடைக்கு வருகிறவர்களின் நம்பரை அவர்கள் சம்மதத்தோடு உங்கள் சொந்த நோட்டிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்றி வையுங்கள். அந்தப் பட்டியலை யாரும் ஏலம் விட முடியாது.

பெரிய சட்டம் வருகிறதா என்றால், டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. தப்பு நடந்தபின் பத்து வருஷம் விசாரிப்பதற்குப் பதிலாக, பெரிய நிறுவனங்களுக்கு முன்கூட்டியே வேலி போடுவது அதன் நோக்கம். வரைவு வரைவாகவே கிடக்கிறது.

இருக்கிற சட்டத்திலும் ஒரு கெடு வந்துவிட்டது, அதைக் கவனியுங்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு, பிரச்னை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட்டி ஆணையத்திடம் போக வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால்தான் விதிவிலக்கு. ஆணையத்தின் தென் மண்டல அலுவலகம் 2021-ல் சென்னையிலேயே திறந்தாயிற்று. தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் தி.நகர் வணிகர் சங்கத்தையோ டாக்டர்கள் சங்கத்தையோ முன்னால் நிறுத்தலாம். போட்டியாளர் என்னென்ன விளம்பரம் ஓட்டுகிறார் என்பதை கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மைப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆதாரம் இல்லாமல் புகார் நிற்காது. தேடிய சொல், மேலே வந்த விளம்பரம், தேதி, நேரம் எல்லாம் ஒன்றாகத் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், மாதா மாதம் வந்த பில், ஏஜென்சியோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், இவற்றை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்; முதல் ஸ்கிரீன்ஷாட்டை, மேலே சொன்னபடி தேடிப் பார்த்தீர்களே, அந்த போனிலேயே எடுத்துவிடலாம்.